பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கித் தர நினைக்கும் முன்னாள் மாணவர்களுக்கு

அன்புள்ள முன்னாள் மாணவர்களே,

வணக்கம். உங்களில் சிலர் எனக்கு மூத்தவர்கள், சிலர் என்னிடமே கணக்குப் படித்தவர்கள். அதனால் அண்ணா, அக்கா, தம்பி, தங்கச்சி என்று எல்லாரையும் சேர்த்தே கூப்பிட்டுக்கொள்கிறேன். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து இருபது வருடம் ஆகிறது.

பள்ளியின் பொன்விழாவுக்காக நீங்கள் பணம் சேர்த்துவருவதைத் தலைமை ஆசிரியர் சொன்னார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பவரும் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருப்பவரும் மாதாமாதம் ஒரு தொகை போடுகிறீர்களாம். கேட்டபோது மனசு நிறைந்துவிட்டது. அந்தப் பணத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை எல்லா அறைக்கும் ஒரு ஸ்மார்ட் போர்டு மாட்டுவது என்று பேசிவைத்திருப்பதாகவும் சொன்னார். ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் உங்களிடம் சில விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது. 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டம் தொடங்கியதிலிருந்து ஊருக்கு ஊர் முன்னாள் மாணவர்கள் இப்படிக் கூடிப் பேசுகிறார்கள். அவர்களுக்கும் இது பயன்படலாம் என்பதால்தான் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

எங்களிடம் ஏற்கெனவே ஒரு ஸ்மார்ட் போர்டு இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவில். இரண்டு வருடத்துக்கு முன்னால் நல்ல மனசுள்ள ஒருவர் வாங்கிக் கொடுத்தது. மாட்ட வந்தவர்கள் சனிக்கிழமை வந்து, கரும்பலகையின் நட்டநடுவில் நான்கு துளை போட்டு மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழைந்தபோது எனக்கு எழுதுவதற்கு இடப்பக்கம் ஒரு முழம், வலப்பக்கம் ஒரு முழம் மிச்சமிருந்தது. அன்று இருபடிக் கோவையைக் காரணிப்படுத்தும் கணக்கு. ஒரு கணக்கை மேலிருந்து கீழ் வரை எழுதி, பக்கத்திலேயே அடுத்ததை எழுதி, இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டுவது என் வழக்கம். முதல் கணக்கை இடப்பக்கமும் இரண்டாவதை வலப்பக்கமும் எழுதினேன். பிள்ளைகள் நடுவில் இருந்த கறுப்புத் திரையைத் தாண்டித் தாண்டிப் பார்த்தார்கள். கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் உட்காரும் பிள்ளைக்கு வெளிச்சம் பட்டு வலப்பக்கம் தெரியவே இல்லை.

அதற்காக அந்த போர்டை நான் வெறுக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அது செய்த ஒரு காரியத்தை இருபது வருடத்தில் வேறு எதை வைத்தும் என்னால் செய்ய முடிந்ததில்லை.

ஒன்பதாம் வகுப்பில் முக்கோணத்தின் சுற்றுவட்ட மையம் வரைய வேண்டும். நீங்களும் வரைந்திருப்பீர்கள். பென்சிலைச் சீவி, காம்பஸை விரித்து, பக்கங்களுக்கு மையக்குத்துக்கோடு போட்டு, வெட்டிக்கொள்ளும் புள்ளியிலிருந்து வட்டம். ஒரு பீரியடில் ஒரு பிள்ளை ஒரு முக்கோணம் வரைந்தாலே பெரிசு. பிள்ளைகள் வரையும் அந்த ஒரு முக்கோணத்தில் மையம் பெரும்பாலும் உள்ளேயே விழுந்துவிடும். 'மையம் என்றால் உள்ளேதான் இருக்கும்' என்று பிள்ளைகள் மனசில் பதிந்துவிடும். நானும் "விரிகோணமாக இருந்தால் வெளியே போகும், குறித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். வருடாவருடம் குறித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

நம் பாடப்புத்தகத்தில் பாடத்தின் முடிவில் 'இணையச் செயல்பாடு' என்று ஒரு பக்கம் வருகிறது. கியூஆர் கோடும் இருக்கும். அதில் வரும் ஜியோஜீப்ராவை, அதாவது உருவங்களை வரைந்து இழுத்து நகர்த்திப் பார்க்கும் கணக்கு மென்பொருளை, அந்த போர்டில் திறந்தேன். திரையில் ஒரு முக்கோணம், அதன் வட்டம், மையத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு முனையை விரலால் இழுக்கச் சொன்னேன். எப்போதும் வாயே திறக்காத பிள்ளை. மெதுவாக இழுத்தாள். கோணம் விரிய விரிய சிவப்புப் புள்ளி நகர்ந்தது. சரியாக 90 பாகை வந்ததும் எதிர்ப்பக்கத்தின் நடுவில் போய் உட்கார்ந்தது. இன்னும் இழுத்தாள், புள்ளி கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டது. வகுப்பே "ஏய்!" என்றது. அவள் திரும்பி, "மிஸ், வெளிய போயிருச்சே, இப்பவும் மூணு முனைக்கும் ஒரே தூரந்தானா?" என்று கேட்டாள்.

எல்லா வருடமும் நான் பதிலாகச் சொல்லிக்கொண்டிருந்ததை அவள் கேள்வியாகக் கேட்டாள். "நீயே அளந்து பார்" என்றேன். அன்று எல்லாரும் நோட்டில் விரிகோண முக்கோணம் வரைந்து, காம்பஸை வைத்து அளந்து பார்த்தார்கள். திரை ஓடியது ஏழு நிமிடம் இருக்கும். மீதி முப்பது நிமிடமும் பென்சிலும் காம்பஸும்தான். அந்த ஏழு நிமிடம் இல்லாமல் அந்த முப்பது நிமிடம் வந்திருக்காது.

அப்புறம் இன்னொரு நாள். எட்டாம் வகுப்பு டீச்சர் லீவில் இருந்ததால் அந்தப் பிள்ளைகளையும் என் அறைக்கு அழைத்து உட்காரவைத்து, ஒருபடிச் சமன்பாடு பற்றி ஒரு வீடியோ போட்டேன். நல்ல கலர், பின்னணி இசை, கணீரென்ற குரல். 3x + 5 = 20 என்று வரும். அந்த 5 இருக்கிறதே, அது துள்ளி எழுந்து, சமக்குறிக்கு மேலே பறந்து, அந்தப் பக்கம் இறங்கும்போது −5 ஆகிவிடும். பிள்ளைகள் கை தட்டினார்கள். அறை அமைதியாக இருந்தது, எல்லார் கண்ணும் திரையில். அந்த வழியாக யாராவது போயிருந்தால், பிரமாதமான வகுப்பு என்று சொல்லியிருப்பார்கள்.

மறுநாள் நோட்டைத் திருத்தும்போது ஒரு பையன் 3x = 15 வரைக்கும் சரியாக எழுதியிருந்தான். அடுத்த வரி x = 15 − 3. விடை 12. ஏன்டா தம்பி இப்படி என்று கேட்டேன். "3 அந்தப் பக்கம் பறந்தா மைனஸ் ஆயிரும்ல மிஸ்" என்றான். எண்ணிப் பார்த்தால் பதினோரு நோட்டில் அதே தப்பு. வீடியோவில் சொன்னது எதுவும் தப்பில்லை. ஆனால் அந்த 5 பறந்த காட்சி இருக்கிறதே, அது ஒரு தப்பான படத்தைப் பிள்ளைகள் மனசில் பதித்துவிட்டது. எண் எங்கும் பறப்பதில்லை. இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே அளவை எடுக்கிறோம். தராசில் இரண்டு தட்டிலும் ஒரே மாதிரி எடுத்தால் முள் நகராது என்பதுதான் விஷயம். கரும்பலகையில் நடத்தியிருந்தால் அந்தப் பையனை எழுந்து வந்து எழுதச் சொல்லியிருப்பேன். இரண்டாவது வரியிலேயே பிடித்திருப்பேன். வீடியோ ஓடும்போது நானும் பிள்ளைகளோடு சேர்ந்து திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஒரு முழக் கரும்பலகையில்தான் அதைச் சரிசெய்தேன். "மூணு பேனா பதினஞ்சு ரூபா, ஒரு பேனா எவ்வளவு?" என்றேன். கேட்டு முடிப்பதற்குள் "அஞ்சு" என்றான். "இதில் எது எங்கே பறந்தது?" என்றேன். நோட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அடித்துவிட்டுத் திருத்தி எழுதினான்.

இரண்டு நாளும் அதே போர்டு, அதே அறை, அதே டீச்சர். ஒரு நாள் பிள்ளையின் விரல் திரையில் இருந்தது, என் கண் பிள்ளை மேல் இருந்தது. இன்னொரு நாள் எல்லாக் கண்ணும் திரையில் இருந்தது. வகுப்பறைக்கு எந்தக் கருவி வந்தாலும் நான் இப்போது இதைத்தான் முதலில் பார்க்கிறேன். இது என்னைப் பிள்ளைக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறதா, தள்ளிக் கொண்டுபோகிறதா?

இந்தக் கண்ணோட்டம் எனக்கு வந்தது இந்த போர்டால் அல்ல. நான் முதலில் தொடக்கப் பள்ளியில்தான் வேலைக்குச் சேர்ந்தேன். 2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தது. உங்களில் இளையவர்கள் அப்படித்தான் படித்திருப்பீர்கள். அட்டைகள், ஏணிப்படி, பாயில் வட்டமாக உட்கார்வது. அப்போது வகுப்பறைக்குள் வந்த மிகப் பெரிய மாற்றம் என்று நான் நினைப்பது சுவரின் அடிப்பக்கத்தில் அடித்த கறுப்புப் பெயின்ட்டைத்தான். கீழ்மட்டக் கரும்பலகை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டம். அதுவரை கரும்பலகை என் உயரத்தில் இருந்தது, நான் மட்டும்தான் எழுதுவேன். அது பிள்ளையின் இடுப்பு உயரத்துக்கு இறங்கியதும், ஒன்றாம் வகுப்பில் யார் 'ழ' வைத் தலைகீழாகப் போடுகிறார்கள் என்று வாசலில் நின்றபடியே தெரிந்தது. ஒரு சுவருக்கு இரண்டு டப்பா பெயின்ட். அந்தத் திட்டத்தில் குறைகளும் இருந்தன, அதைப் பற்றி ஆசிரியர்கள் இன்றும் சண்டை போடுவார்கள். அந்தச் சுவரைப் பற்றி யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

கொரோனா காலம் உங்களுக்கும் நினைவிருக்கும். 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தது. 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி அப்போது கைகொடுத்தது. அதில் பாடம் எடுத்தவர்களில் நல்ல ஆசிரியர்கள் உண்டு, நானே பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஆனால் என் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் ஒரே ஒரு போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ராத்திரி எட்டு மணிக்கு அவர் வந்த பிறகு, நோட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவார்கள். மங்கலான போட்டோவில் நான் தப்பைத் தேடுவேன். கண்டுபிடித்துச் சொன்னாலும், அந்தப் பிள்ளை எந்த இடத்தில் தடுமாறியது என்று எனக்குத் தெரியாது.

திறந்த பிறகு என்ன நடந்தது தெரியுமா? தமிழ்நாட்டில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளை வைத்துப் பொருளாதார அறிஞர்கள் ஆய்வு செய்தார்கள். கார்த்திக் முரளிதரனும் அதில் ஒருவர். பிள்ளைகள் இழந்த கல்வியில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் மீண்டுவிட்டது. அப்படி மீண்டதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று கணக்கிட்டார்கள். அது என்ன பெரிய கருவி? நம் ஊர் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் சாயங்காலம் இருபது பிள்ளைகளை உட்காரவைத்து ஒன்றரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தாளே, பி.எஸ்சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்த நம் ஊர்ப் பெண், அவள்தான்.

அதே கார்த்திக் முரளிதரன் குழு டெல்லியில் ஒரு கணினி மென்பொருளையும் ஆராய்ந்திருக்கிறது. 2019இல் வெளியானது. நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் பிள்ளைகள் நன்றாக முன்னேறினார்கள். ஆகவே கணினியே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அது ஏன் பலித்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அந்த மென்பொருள் ஒவ்வொரு பிள்ளையும் உண்மையில் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்து அங்கிருந்து தொடங்கியது. ஏழாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு நான்காம் வகுப்புக் கழித்தல் வரவில்லை என்றால் கழித்தல்தான் கொடுக்கும். முன்னால் மாட்டிய ஒரு பெரிய திரையால் அதைச் செய்ய முடியாது, அது நாற்பது பேருக்கும் ஒரே பாடத்தைத்தான் காட்டும். இன்னொன்று, அங்கே பிள்ளைகள் இருந்த 90 நிமிடத்தில் 45 நிமிடம்தான் கணினி. மீதி 45 நிமிடம் சின்னக் குழுவாக உட்கார்ந்து ஒரு மனிதரிடம் படித்தார்கள்.

பெரு நாட்டில் லட்சக்கணக்கில் பிள்ளைகளுக்கு லேப்டாப் கொடுத்தார்கள். கிராமப்புறப் பள்ளிகளில் சோதித்துப் பார்த்து 2012இல் வெளியிட்ட ஆய்வில் கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றமே தெரியவில்லை. சாமான் போய்ச் சேர்ந்தது, யார் எதற்காக அதை எப்படிப் பயன்படுத்துவது என்பது போய்ச் சேரவில்லை.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க வெளிநாடு போக வேண்டியதே இல்லை. 1991, 92இல் பெரியவர்களுக்கு எழுத்தறிவு கொடுக்க அறிவொளி இயக்கம் நடந்தபோது புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். எனக்கு அப்போது பத்து வயது. என் அம்மா கண்மாய்க்கரைப் பொட்டலில் சைக்கிள் பழகியதை நான் பார்த்தேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறுவார். பக்கத்து வீட்டுச் சின்னம்மா பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டே ஓடுவார். எவ்வளவு நேரம் பிடிப்பது, எப்போது கையை எடுப்பது என்று சின்னம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அம்மா விழுந்தால் திட்டிக்கொண்டே தூக்கிவிடுவார். நாலாவது நாள் கையை எடுத்துவிட்டது அம்மாவுக்கே தெரியவில்லை. சைக்கிளை மட்டும் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போயிருந்தால் அது அப்பாவின் சைக்கிளாகத்தான் இருந்திருக்கும்.

சரி, இவ்வளவு சொல்லிவிட்டேன், என்னதான் வேண்டும் என்று கேட்பீர்கள்.

எல்லா அறைக்கும் போர்டு வேண்டாம். இன்னும் ஒன்று வாங்குங்கள், இரண்டு போதும். மிச்சப் பணத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் சொல்லித் தனியாக வங்கியில் போட்டுவையுங்கள். யுபிஎஸ் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் போய்விடும். எங்கள் போர்டு போன வருடம் ஆகஸ்ட்டிலிருந்து டிசம்பர் வரை இறந்து கிடந்தது ஒரு பேட்டரிக்காகத்தான். பொருள் வாங்க எல்லாருக்கும் மனசு வருகிறது, கல்வெட்டில் பேர் இருக்கும். பேட்டரி மாற்றக் காசு கொடுப்பவருக்குக் கல்வெட்டு வைப்பதில்லை. ஆனால் அவர்தான் அந்த போர்டை உயிரோடு வைத்திருப்பவர். நம் பஸ் ஸ்டாண்டில் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கும் தம்பி உங்கள் செட்டுதானே. வருடத்துக்கு இரண்டு தடவை அவன் வந்து பார்த்துவிட்டுப் போவான் என்று ஒரு ஏற்பாடு செய்தாலே எங்களுக்குப் பெரிய உதவி.

போர்டைக் கரும்பலகை மேல் மாட்டாதீர்கள். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்பேன். பக்கத்துச் சுவரில் மாட்டுங்கள். கரும்பலகையில் எழுதியது பீரியட் முடியும் வரை அங்கேயே இருக்கும். மெதுவாக எழுதும் பிள்ளை, இடையில் கவனம் போன பிள்ளை, தண்ணீர் குடிக்கப் போய் வந்த பிள்ளை, எல்லாரும் திரும்பிப் பார்த்து முதல் வரியிலிருந்து பிடித்துக்கொள்ளலாம். திரையில் அடுத்த பக்கம் வந்தால் முந்தின பக்கம் போய்விடும். இரண்டும் வேண்டும் எங்களுக்கு. ஒன்றை ஒன்று மறைக்கக் கூடாது.

முடிந்தால் பத்துப் பதினைந்து டேப்லெட்டும் ஒரு பூட்டு போட்ட அலமாரியும். அரசு 2024இல் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் 79,723 பேருக்கு டேப்லெட் கொடுப்பதாக அறிவித்துக் கொடுக்கத் தொடங்கியது, நல்ல காரியம். நான் கேட்பது பிள்ளைகள் கைக்கு. மூன்று பேருக்கு ஒன்று என்றாலும் போதும். ஒருவர் இழுக்க, ஒருவர் அளக்க, ஒருவர் எழுத என்று பிரித்துக்கொள்வார்கள். ஒரு பிள்ளை போர்டுக்கு வந்து இழுக்கும்போது மற்ற முப்பத்தொன்பது பேரும் பார்க்க மட்டும்தானே செய்கிறார்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். உங்களில் சிலர் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறீர்கள். ஊருக்கு வரும்போது ஒரு சனிக்கிழமை எங்களோடு உட்காருங்கள். எங்கள் ஸ்டாஃப் ரூமில் பதினோரு பேர், அதில் ஜியோஜீப்ராவைத் தானாகத் திறந்து உருவம் வரையத் தெரிந்தவர் நான் ஒருத்திதான். எனக்கே என் மகன் சொல்லிக்கொடுத்தது. அறிவியல் டீச்சருக்கு ஆசை இருக்கிறது, ஆனால் பிள்ளைகள் முன்னால் போர்டு நின்றுபோனால் என்ன செய்வது என்று பயப்படுகிறார். ட்ரெயினிங் நடக்கும்போதெல்லாம் ஐம்பது பேரை உட்காரவைத்து ஒருவர் பேசுவார், நாங்கள் பார்ப்போம். அந்த டீச்சருக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, அவர் விரலாலேயே இரண்டு தடவை செய்யவைத்தால் போதும்.

கடைசியாக, இந்த முடிவை எடுப்பதற்கு முன்னால் உங்களில் இரண்டு பேராவது வந்து ஒரு பீரியட் வகுப்பில் உட்கார வேண்டும். முன்னால் போடும் நாற்காலி வேண்டாம், கடைசி பெஞ்சில், ஜன்னலோரம், அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில். புதன்கிழமை மூன்றாவது பீரியட் எனக்கு ஒன்பதாம் வகுப்பு 'பி'. பதினொன்றேகாலுக்குள் வந்துவிடுங்கள். வரும்போது டவுன் கடையில் கரும்பலகைக்கான மர காம்பஸ் ஒன்று கிடைத்தால் வாங்கி வாருங்கள். எங்களுடையதில் திருகு கழன்று மூன்று வருடமாகிறது, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். வட்டம் சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் சேர மாட்டேன் என்கிறது.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்